எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சந்தேகங்கள்

கேமரா வாங்கிச் சில மாதம் ஆனவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்களில் பெரும்பாலானவை எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்ற இந்த + − பட்டனைச் சுற்றியே வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்தால் பலருக்கும் உதவும் என்று தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. புதியவர்கள் மேலிருந்து வரிசையாகப் படியுங்கள். மற்றவர்களும் இரண்டாவது கேள்வியை மட்டும் தாண்டிப் போக வேண்டாம்.

இந்த + − பட்டன் எதுக்கு? அதைத் தொடாமலே படம் நல்லாத்தானே வருது?

பல படங்களுக்கு வரும். வெளிச்சமும் நிழலும் ஓரளவு கலந்திருக்கும் காட்சியில் கேமராவின் கணக்கு பெரிதாகப் பிசகாது. காட்சி ஒரே பக்கமாகச் சாயும்போதுதான் சிக்கல்: படம் முழுக்க வெள்ளைச் சுவர், படம் முழுக்க இருட்டு மேடை, ஆளுக்குப் பின்னால் பளீரென்று ஒரு ஜன்னல். அந்த மாதிரி நேரத்தில் "நீ போட்ட கணக்கைவிடக் கொஞ்சம் கூட்டு" என்றோ "குறை" என்றோ கேமராவிடம் சொல்லத்தான் இந்தப் பட்டன். கேமரா தானாகக் கணக்குப் போடும் வசதியும் போகாது, கடைசி முடிவும் உங்கள் கையில் இருக்கும்.

வெள்ளைச் சுவரை எடுத்தாலும் சாம்பலா வருது, கருப்புத் துணியை எடுத்தாலும் சாம்பலா வருது. ஏன் இப்படி?

கேமராவின் மீட்டர் அளப்பது லென்ஸுக்குள் வந்து சேரும் வெளிச்சத்தை மட்டும்தான். மங்கலான அறையில் இருக்கும் வெள்ளைத் தாளும், வெயிலில் இருக்கும் சாம்பல் அட்டையும் ஒரே அளவு வெளிச்சத்தை அனுப்பலாம். எதிரில் இருப்பது இரண்டில் எது என்று மீட்டருக்குத் தெரிய வழியில்லை. அதனால் அது ஓர் ஊகத்தை நம்பி வேலை செய்கிறது: எதிரில் இருப்பதையெல்லாம் சேர்த்துச் சராசரி எடுத்தால் நடுச்சாம்பல் வரும் என்று. கடைகளில் விற்கும் சாம்பல் அட்டை, தன்மேல் விழும் வெளிச்சத்தில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்புவது. எண்ணைப் பார்த்தால் குறைவாகத் தெரியும். ஆனால் நம் கண்ணுக்குக் கருப்புக்கும் வெள்ளைக்கும் சரிபாதியாகத் தெரிவது ஏறக்குறைய அந்த அளவுதான்.

இப்போது வெள்ளைத் தாளுக்கு வருவோம். அது ஏறக்குறைய 90 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். 18-க்கு அது ஐந்து மடங்கு. "வெளிச்சம் ஐந்து மடங்கு அதிகமாக இருக்கிறது" என்று கேமரா நினைத்து அதை ஐந்தில் ஒரு பங்காகக் குறைக்கிறது, வெள்ளை சாம்பலாகிவிடுகிறது. கருப்புத் துணி 4 சதவீதம்தான் திருப்பி அனுப்புகிறது என்றால், கேமரா நாலரை மடங்கு கூட்டிவிடும், அதுவும் சாம்பல்தான். வெள்ளையைப் பார்த்தால் கேமரா குறைக்கும், அதனால் நாம் கூட்ட வேண்டும். கருப்பைப் பார்த்தால் கூட்டும், அதனால் நாம் குறைக்க வேண்டும். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இதிலிருந்து கிளைப்பவைதான்.

0.3, 0.7, 1.0ன்னு போகுதே, அது என்ன கணக்கு?

1 என்பது ஒரு ஸ்டாப். +1 வைத்தால் வெளிச்சம் இரண்டு மடங்கு, +2 வைத்தால் நான்கு மடங்கு. −1 பாதி, −2 கால். இடையில் வரும் 0.3, 0.7 இரண்டும் மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப். டயலை மூன்று முறை நகர்த்தினால் ஒரு ஸ்டாப் என்று கை பழகிவிட்டால் திரையைப் பார்க்காமலே வைக்கலாம்.

0.3 என்பது சுமார் 26 சதவீத வித்தியாசம். ஜேபெக் (கேமராவே தயாரித்துத் தரும் சாதாரணப் படக் கோப்பு) படத்தில் அது கண்ணுக்குத் தெரியும், ஆனால் ஒரு படத்தைக் காப்பாற்றும் அளவுக்கு இருக்காது. புதிதாகப் பழகுபவர்கள் முதலில் முழு ஸ்டாப்பாக நகர்த்திப் பார்ப்பது நல்லது. வித்தியாசம் மனதில் பதிந்த பிறகு நுணுக்கத்துக்குப் போகலாம்.

ப்ளஸ் வெச்சதும் கேமரா உள்ளே எதை மாத்துது? ஐஎஸ்ஓவையா, ஷட்டரையா?

எந்த மோடில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஏ மோடில் (கேனானில் ஏவி) அபெர்ச்சர், அதாவது லென்ஸின் துளை அளவு, உங்களுடையது, அதனால் ஷட்டர் வேகம், அதாவது வெளிச்சம் உள்ளே வரும் நேரம், மாறும். எஸ் மோடில் (கேனானில் டிவி) ஷட்டர் உங்களுடையது, அதனால் அபெர்ச்சர் மாறும். பி மோடில் இரண்டையும் கேமராவே பார்த்துக்கொள்ளும். ஆட்டோ ஐஎஸ்ஓ போட்டிருந்தால் ஐஎஸ்ஓவும் (படத்தின் வெளிச்சத்தை ஏற்றும் உணர்திறன் எண்) இந்தக் கணக்குக்குள் வந்துவிடும்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் ப்ளஸ் வைப்பதால் கெடும் படங்கள் நிறைய. ஏ மோடில் எஃப்/5.6, ஐஎஸ்ஓ 200, ஷட்டர் 1/125 காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். +2 வைத்தால் ஷட்டர் 1/30 ஆகிவிடும். வெளிச்சம் சரியாகத்தான் வரும், ஆனால் ஓடுகிற குழந்தை அழிந்துபோய் வரும். ப்ளஸ் வைத்த கையோடு ஷட்டர் எண்ணையும் ஒருமுறை பாருங்கள். குறைந்துவிட்டது என்றால் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். காம்பன்சேஷனைக் குறைத்து ஷட்டரைக் காப்பாற்றப் பார்த்தால், எதற்காக ப்ளஸ் வைத்தோமோ அதுவே வீணாகிவிடும்.

எம் மோடுல திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒண்ணுமே மாறல. கேமரா பழுதா?

பழுது இல்லை. எம் மோடில் அபெர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றையும் நீங்களே வைத்துவிட்டால் கேமரா மாற்றுவதற்கு எதுவும் மிச்சமில்லை. நிக்கானில் வியூஃபைண்டரில் உள்ள அளவுகோலின் முள் மட்டும் நகரும், படம் மாறாது. எம் மோடோடு ஆட்டோ ஐஎஸ்ஓ போட்டிருந்தால் கதை வேறு. அப்போது ஐஎஸ்ஓ கேமராவின் பொறுப்பு என்பதால் காம்பன்சேஷன் அதன் வழியாக வேலை செய்யும். பழைய கேமராக்கள் சிலவற்றில் இந்த வசதி கிடையாது.

வெள்ளைக்கு ப்ளஸ், கருப்புக்கு மைனஸ்னு மனப்பாடம் பண்ணிட்டேன். அது போதும்ல?

போதாது. இதை நம்பித்தான் பலரும் பறவைப் படங்களைப் பாழாக்கிக்கொள்கிறார்கள். நிழல் விழுந்த கரும்பச்சைத் தண்ணீரில் ஒரு வெள்ளைக் கொக்கு நிற்கிறது. படத்தில் அது பத்தில் ஒரு பங்கு இடம்கூடப் பிடிக்காது. வெள்ளைதானே என்று +1 வைக்கிறீர்கள். மீட்டர் பார்ப்பது என்ன? பத்தில் ஒன்பது பங்கு இருட்டுத் தண்ணீர். அது ஏற்கெனவே வெளிச்சத்தைக் கூட்டித்தான் வைத்திருக்கிறது. அதற்கு மேல் நீங்கள் கூட்டியதும் இறகு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். அலகு, கண், கால் எல்லாம் இருக்கும், இறகின் வரி ஒன்றுகூட இருக்காது. அந்த இடத்துக்கு −1 அல்லது −1.3தான் சரி. அதே கொக்கு பறந்து வெளிறிய வானத்துக்கு எதிரில் வந்துவிட்டால் கணக்கு தலைகீழாகி +1, +1.3 தேவைப்படும். பறவை மாறவில்லை, அதன் பின்னால் இருப்பதுதான் மாறியது.

ஆகவே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இரண்டு. படத்தில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருப்பது எது, அது நடுச்சாம்பலைவிட வெளுப்பா கருப்பா? எந்த இடம் கெட்டுப்போனால் இந்தப் படமே வேண்டாம் என்று தோன்றும்? முதல் கேள்வி கேமரா எந்தப் பக்கம் தவறும் என்று சொல்லும். இரண்டாவது, எவ்வளவு தூரம் திருத்த வேண்டும் என்று சொல்லும். இந்த இரண்டையும் கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் எந்தப் பட்டியலும் தேவைப்படாது.

இருந்தாலும் தொடங்குறதுக்கு ஒரு பட்டியல் கொடுங்களேன், அண்ணா.

சரி, தொடங்கும் இடங்களாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். படம் முழுக்கப் பனி, வெள்ளை மணல் அல்லது வெள்ளைச் சுவர்: +1 முதல் +2. வெளிறிய வானத்துக்கு எதிரே பறவையோ கிளையோ: +1. ஜன்னலுக்கு முன் ஆள்: +1 முதல் +2. படம் முழுக்கக் கருப்பு விலங்கு அல்லது கருப்பு உடை: −1 முதல் −1.7. இருட்டு மேடையில் ஒற்றை விளக்கொளியில் ஒருவர்: −1 முதல் −2. சூரியன் மறையும் வானத்தின் நிறம் அடர்த்தியாக வேண்டும் என்றால் −0.7, முன்னால் இருப்பது நிழலுருவாகவே வேண்டும் என்றால் −1.3 வரை.

கேமரா இவ்வளவு முன்னேறிடுச்சே, இதையெல்லாம் அதுவே கண்டுபிடிக்காதா?

ஓரளவு கண்டுபிடிக்கும். காட்சியைப் பல கட்டங்களாகப் பிரித்து அளக்கும் முறை 1983-ல் நிக்கான் எஃப்ஏ கேமராவில் வந்தது. அதில் ஐந்தே கட்டங்கள். இப்போதைய கேமராக்கள் ஆயிரக்கணக்கான புள்ளிகளில் அளக்கின்றன, நிறத்தைப் பார்க்கின்றன, முகத்தைக்கூட அடையாளம் காண்கின்றன. பனியைப் பார்த்து "இது பனியாக இருக்கலாம்" என்று அவையே கொஞ்சம் கூட்டி வைப்பதும் உண்டு.

அதில்தான் ஒரு சங்கடம். கேமரா ஏற்கெனவே எவ்வளவு கூட்டியிருக்கிறது என்று வெளியே தெரியாது. நாம் +2 வைத்தால் இரண்டும் சேர்ந்து அளவு மீறிவிடும். பல கட்ட அளவீட்டில் மேலே சொன்ன எண்களின் குறைந்த முனையிலிருந்து தொடங்குங்கள். மையத்துக்கு முன்னுரிமை தரும் பழைய பாணி அளவீடு அப்படி எதையும் ஊகிக்காது, தவறினாலும் ஒரே மாதிரிதான் தவறும். காம்பன்சேஷன் கற்றுக்கொள்ளும் காலத்துக்கு அதுதான் நல்லது என்பது என் கருத்து.

பின்னாடி வெளிச்சம் இருந்தா முகம் கறுத்துடுது. எவ்வளவு ப்ளஸ் வெச்சாலும் பின்னணி வெளுத்துடுதே?

வெளுக்கத்தான் செய்யும். நிழலில் இருக்கும் முகத்துக்கும் வெயிலில் இருக்கும் பின்னணிக்கும் நடுவே நான்கைந்து ஸ்டாப் இடைவெளி இருக்கலாம். காம்பன்சேஷன் மொத்தப் படத்தையும் சேர்த்துத்தான் ஏற்றும், இறக்கும். இடைவெளியைக் குறைக்க அதனால் முடியாது. முகம்தான் படம் என்றால் பின்னணியை விட்டுக்கொடுங்கள். இரண்டும் வேண்டும் என்றால் முகத்துக்கு ஃப்ளாஷோ, வெள்ளை அட்டையிலிருந்து திரும்பும் வெளிச்சமோ கொடுக்க வேண்டும். இல்லை என்றால் ஆளைக் கொஞ்சம் திருப்பி நிறுத்த வேண்டும்.

எங்க வீட்டுல எல்லாரும் கருப்பு. கேமரா எடுத்தா முகம் வெளிறி, பொலிவே இல்லாம வருது. ஏன்?

இந்தக் கேள்விக்கு நான் கூடுதல் கவனம் கொடுக்க விரும்புகிறேன். பலரும் இதை "கேமரா அழகாகக் காட்டுகிறது" என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் கறுத்த தோலின் ஆழமும் மினுமினுப்பும் அங்கேதான் தொலைகின்றன. முகம் படத்தை நிறைக்கும்போது, இரண்டாம் பதிலில் சொன்ன கருப்புத் துணிக்கு நேர்ந்ததே முகத்துக்கும் நேர்கிறது. கேமரா அதை நடுச்சாம்பல் வரை ஏற்றிவிடுகிறது. நெற்றியிலும் கன்ன மேட்டிலும் இருக்கும் ஒளிப்புள்ளிகள் பரந்து பூசியது போலாகின்றன. −0.3 முதல் −1 வரை வைத்துப் பாருங்கள், முகம் தன் நிறத்துக்குத் திரும்பும். மிக வெளுத்த தோலுக்கு மாறாக +0.7, +1 தேவைப்படும்.

ஒரே படத்தில் கறுத்தவரும் வெளுத்தவரும் சேர்ந்து நின்றால் யாரையும் மீட்டர் செய்யாதீர்கள். அவர்கள்மேல் விழும் அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையைக் காட்டி, அதை மட்டும் ஸ்பாட் மீட்டரிங்கில் (ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் முறை) அளந்து +1 வையுங்கள். உடம்பின் நிறம் எதுவானாலும் உள்ளங்கைகளுக்கிடையே வித்தியாசம் அவ்வளவாக இருக்காது, நடுச்சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளுப்பாக இருக்கும். அந்த அளவைப் பூட்டிவிட்டு எடுத்தால் இருவரும் அவரவர் நிறத்தில் வருவார்கள். அளவைப் பூட்டும் பட்டன் பற்றிக் கீழே சொல்கிறேன்.

கேமரா திரையில நல்லா இருந்துச்சு, வீட்டுக்கு வந்து பார்த்தா இருட்டா இருக்கு. எதை நம்புறது?

ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தில் எந்த அளவு வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வரைபடத்தை. திரையின் பிரகாசம் உங்கள் கண்ணை ஏமாற்றும். இரவில் இருட்டுப் படம்கூடப் பளிச்சென்று தெரியும், வெயிலில் நல்ல படமும் மங்கலாகத் தெரியும். ஹிஸ்டோகிராமில் இடது முனை கருப்பு, வலது முனை வெள்ளை. மேடு வலது சுவரில் முட்டி நின்றால் அங்கே விவரம் போய்விட்டது என்று அர்த்தம். வெளுத்த இடங்கள் மின்னிக் காட்டும் எச்சரிக்கையையும் மெனுவில் போட்டு வையுங்கள்.

சிவப்புப் பூவை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். பொதுவான ஹிஸ்டோகிராமில் எல்லாம் ஒழுங்காக இருக்கும், சிவப்பு மட்டும் சுவரில் முட்டியிருக்கும். இதழின் மடிப்புகள் காணாமல் போவது அதனால்தான்.

அப்போ ஹிஸ்டோகிராம் நடுவுல மேடா இருந்தா சரியான படமா?

அப்படி ஒரு விதியே இல்லை. பனிப் படத்தின் மேடு வலப்பக்கம்தான் இருக்க வேண்டும், இரவுப் படத்துக்கு இடப்பக்கம். பனிப் படத்தில் மேடு நடுவில் இருந்தால் அதுவே பனி சாம்பலாகிவிட்டதற்கு அடையாளம்.

நான் ராவுலதான் எடுக்குறேன். பின்னாடி ஸ்லைடரை இழுத்தா போதாதா?

ரா என்பது கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு. அதிலும் ஒரு பக்கத்துக்கு மட்டும் போதும். இருட்டாக எடுத்ததைப் பின்னால் ஏற்றலாம், நிழல் பகுதியில் புள்ளிப்புள்ளியாக இரைச்சல் கூடும், அவ்வளவுதான். சென்சார் (வெளிச்சத்தைப் பதியும் சில்லு) நிரம்பி வழிந்த இடத்தில் பதிவான தகவலே இல்லை, அதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ராவில் ஜேபெக்கைவிடக் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும் என்பது உண்மை. கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் பொதுவாக ஜேபெக்கை வைத்துப் போட்டது என்பதால், அது முட்டியதாகக் காட்டினாலும் ராவில் சில சமயம் தப்பித்திருக்கும். எவ்வளவு தப்பிக்கும் என்பது கேமராவுக்குக் கேமரா மாறும், உங்களுடையதைச் சோதித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

அதிகமா வெளிச்சம் வாங்கினா இரைச்சல் குறையும்னா, எப்பவும் +1லயே வெச்சிடலாமா?

அசையாத காட்சி, முக்காலி, ரா: இந்த மூன்றும் இருந்தால் வெள்ளை முட்டாத எல்லைவரை கூட்டி எடுத்து, பின்னால் இறக்கிக்கொள்வது நல்ல உத்தி. சென்சார் வெளிச்சத்தை நேர் விகிதத்தில் பதிவதால், 14 பிட் கோப்பில் உள்ள 16384 படிகளில் பாதி, அதாவது 8192, மிக வெளிச்சமான ஒரே ஸ்டாப்பில் அடங்கிவிடுகிறது. வெளிச்சம் அதிகம் சேர்ந்தால் நிழல் பகுதியும் சுத்தமாக வரும்.

ஆனால் எப்போதும் +1 என்பது தவறு. பளிச்சென்ற மேகம் உள்ள காட்சியில் முதல் படத்திலேயே மேகம் போய்விடும். கூட்டுவது ஷட்டர் வழியாகவோ அபெர்ச்சர் வழியாகவோ இருந்தால்தான் பயன். ஆட்டோ ஐஎஸ்ஓ மட்டும் ஏறினால் சென்சாருக்குக் கூடுதலாக ஒரு துளி வெளிச்சமும் போகவில்லை.

மைனஸ் 2 வெச்சும் படம் இருட்டாகவே மாட்டேங்குது. ஏன்?

எம் மோடில் இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்து எல்லை. ஏ மோடில் எஃப்/1.8 வைத்து நல்ல வெயிலில் எடுத்தால் ஷட்டர் 1/4000-ஐத் தொட்டு நின்றிருக்கும். அதற்கு மேல் வேகம் இல்லாத கேமராவில் மைனஸ் எதையும் செய்யாது, எண் மின்னும். எஸ் மோடில் அபெர்ச்சர் எல்லையைத் தொட்டாலும் இதே கதை.

இன்னொன்று, நிழலைத் தூக்கிக் காட்டும் தானியங்கி வசதிகள். கேனானில் ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர், நிக்கானில் ஆக்டிவ் டி-லைட்டிங் என்ற பெயரில் இருக்கும். நீங்கள் வேண்டுமென்றே இருட்டாக்கியதை அவை திரும்ப வெளிச்சமாக்கப் பார்க்கும். நிழலுருவப் படம் எடுக்கும்போது அணைத்துவிடுங்கள்.

நேத்து வெச்ச ப்ளஸ் இன்னிக்கும் அப்படியே இருக்கு. தானா சைபருக்கு வராதா?

பல கேமராக்களில் அணைத்துப் போட்டாலும் அப்படியே இருக்கும். எண் பொறித்த தனி டயல் உள்ளவற்றில் நீங்கள் கையால் திருப்பும்வரை மாறாது. ஆனால் அந்த டயலை ஒரு பார்வையில் சரிபார்த்துவிடலாம். நிக்கானில் "ஈஸி எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்" என்ற மெனுவில், டயல் வழியாக வைத்தது மட்டும் கேமராவை அணைத்ததும் அழியும்படி ஒரு தேர்வு உண்டு. எது இருந்தாலும், கேமராவைப் பைக்குள் வைக்கும் முன் சைபருக்குக் கொண்டுவந்துவிடுவது எல்லா மாடலுக்கும் பொருந்தும் வழி.

ஸ்பாட் மீட்டரிங்கும் அளவைப் பூட்டுற பட்டனும் இருக்கும்போது இது எதுக்கு?

ஸ்பாட் செய்வது பார்க்கும் இடத்தைச் சுருக்குவது மட்டும்தான். சுருக்கிய இடத்தையும் நடுச்சாம்பலாக்கத்தான் பார்க்கும். கொக்கின் இறகை ஸ்பாட்டில் அளந்தால் இறகு சாம்பலாகும், +1.7 வைத்தால்தான் வெள்ளையாகும். அதாவது ஸ்பாட்டுக்குத்தான் காம்பன்சேஷன் இன்னும் அதிகம் தேவை. உள்ளங்கை உத்தியில் +1 வைத்ததும் இதனால்தான். 1940-ஐ ஒட்டி அன்செல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் வகுத்த ஸோன் முறையும் இதே யோசனைதான்: ஓர் இடத்தை அளந்து, அது படத்தில் எந்தச் சாயலில் இருக்க வேண்டும் என்று நீங்கள் முடிவுசெய்வது.

பூட்டும் பட்டன் அளந்ததைப் பிடித்து வைக்கும். அளந்த பிறகு ஃப்ரேமை மாற்றினாலும் கணக்கு மாறாது. ஒரு படம், இரண்டு படத்துக்கு அது வசதி. ஒரே மாதிரி பின்னணியில் தொடர்ந்து எடுப்பதற்குக் காம்பன்சேஷன் வசதி.

ஃப்ளாஷ் போட்டு மைனஸ் வெச்சேன். ஒரு கேமராவுல பின்னணி மட்டும் இருட்டாச்சு, இன்னொண்ணுல ஆளும் சேர்ந்து இருட்டானார். எது சரி?

இரண்டும் அந்தந்தக் கேமராவின் வடிவமைப்பு. கேனானில் காம்பன்சேஷன் சுற்றுப்புற வெளிச்சத்தை மட்டும் மாற்றும், ஃப்ளாஷுக்குத் தனிக் காம்பன்சேஷன் உண்டு. நிக்கானில் சாதாரணமாக இரண்டும் சேர்ந்து மாறும். பின்னணியை மட்டும் மாற்றும்படி மெனுவில் அமைத்துக்கொள்ளும் வசதி பல மாடல்களில் இருக்கிறது. அந்தி நேரத்தில் −1 வைத்து வானத்தை அடர்த்தியாக்கி, ஆளை ஃப்ளாஷால் எடுப்பதற்கு இந்தப் பிரிவு அவசியம்.

நிலாவை எடுத்தா வெறும் வெள்ளை வட்டமா வருது. மைனஸ் 3 வெச்சும் அதே.

முழு நிலா வெயிலில் கிடக்கும் பாறை. சுற்றியுள்ள கருப்பு வானம் மீட்டரை அவ்வளவு தூரம் இழுத்துவிடுவதால் −3கூடப் பற்றாமல் போகலாம். இங்கே காம்பன்சேஷனை விட்டுவிடுங்கள். எம் மோடில் ஐஎஸ்ஓ 100, எஃப்/11, 1/100 வைத்துத் தொடங்கி, திரையில் பெரிதாக்கிப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

அப்படின்னா பேசாம எல்லாத்துக்கும் எம் மோடுக்கே போயிடலாமா?

வெளிச்சம் மாறாமல் பின்னணி மட்டும் மாறும் இடத்தில் எம் மோடு நிச்சயம் மேல். கொக்கு தண்ணீருக்கு எதிரே பறந்தாலும் வானத்துக்கு எதிரே பறந்தாலும் அதன்மேல் விழும் வெயில் ஒன்றுதானே. ஒருமுறை சரியாக வைத்துவிட்டால், ஆறாவது பதிலில் சொன்ன ப்ளஸ்-மைனஸ் தாவல் எதுவும் வேண்டாம்.

மேகம் வந்து வந்து போகும் நாளில், அல்லது ஆள் வெயிலிலிருந்து நிழலுக்குள் நடந்து வரும்போது, ஒவ்வொரு நொடியும் மூன்று எண்களைத் துரத்த முடியாது. அங்கே ஏ மோடும் காம்பன்சேஷனும்தான் கைகொடுக்கும். எதை எடுப்பது என்று குழம்பினால் ஆளைப் பார்க்காமல் அவர்மேல் விழும் வெளிச்சத்தைப் பாருங்கள்: அது நிலையாக இருந்தால் எம், மாறிக்கொண்டே இருந்தால் ஏ.